மருமக்கள் பேரையும் வாசி

மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கிறது, நிற்பாட்டினால் வேர்வை தாளில் சொட்டுகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பார்க்க இந்த நூலகத்தில் ஒருவருக்கும் இன்னும் நேரம் வரவில்லை போல என்று மனசுக்குள் புறுபுறுத்துக்கொண்டு, சத்தியதேவி இடது முழங்கையை ஊன்றிப் பத்திரிகையை அமத்திப் பிடித்தபடி எண்பத்தாறாம் ஆண்டைப் புரட்டினாள். எண்பத்தாறு நல்ல பாரம். தடித்த மட்டை போட்டுக் கட்டின புத்தகம், தாளின் ஓரம் தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்கிறது, தூசி எழும்பி மூக்குக்குள் போகிறது, போகட்டும், முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து வெண்கட்டித் தூள் குடித்த மூக்கு இதுக்கெல்லாம் தும்மாது. கைப்பைக்குள் போன் கிடக்கிறது. அது இன்னும் அதிரவில்லை. அதிரவில்லை என்றால் அம்மா இருக்கிறாள் என்று அர்த்தம், காலமை கஞ்சியில் நாலைந்து கரண்டி குடித்தவள்தானே, பக்கத்து வீட்டு லில்லி அக்காவும் நான் பார்த்துக்கொள்ளுறன் நீ போய்வா என்று சொல்லித்தானே அனுப்பினாள், பிறகென்னத்துக்கு இந்த நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது. வயசு போன தாயை விட்டுவிட்டு செத்தவர்களைத் தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். சிரிப்பும் வந்தது, கூடவே ஒரு பயமும் வந்தது. எல்லாம் தம்பி சுதாகரன் பார்த்த வேலை. கனடாவில் அவன் மகள் பரம்பரை மரம் ஒன்று கீறுகிறாளாம், பூட்டன் பேர் என்ன, பூட்டி எந்த ஊர், ஆர் ஆருக்குப் பிள்ளை என்று கேட்கிறாளாம், அக்கா நீதான் சொல்லவேணும் என்று போனில் ஒரே கரைச்சல். சொல்லக்கூடிய ஆட்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அம்மாவோ இப்போது நேற்றையும் நாற்பது வருஷத்துக்கு முந்தினதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுகிறாள். அதனால்தான் சத்தியா ரீச்சர் பஸ் ஏறிப் பட்டணத்துக்கு வந்து, இந்த மேல்மாடியில், மரண அறிவித்தல்களுக்கு முன்னால் குந்தியிருக்கிறாள்.

வந்தது நல்லதாய்ப் போயிற்று என்றுதான் சொல்லவேணும், ஏனென்றால் இதைப்போல ஒரு சாமானை அவள் எங்கேயும் கண்டதில்லை. கலியாணக் கார்ட்டில் இரண்டு வீட்டுப் பேர்தான் இருக்கும், காணி உறுதியில் சண்டை பிடிக்கிற ஆட்களின் பேர்தான் இருக்கும். யாழ்ப்பாணத்து மனிசன் செத்துப்போகிற அன்றைக்குத்தான் தன் சொந்தபந்தம் முழுவதையும் ஒரே இடத்தில் கூப்பிட்டு வரிசையாய் நிறுத்துகிறான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, அன்னார் இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னார் இன்னாரின் தந்தையும், மாமனாரும், மைத்துனரும், சகலனும், பேரனும் ஆவார். செத்தது ஒரு ஆள், எழும்பி நிற்கிறது ஐம்பது பேர். ஒரு நாட்டுக்குச் சரித்திரம் எழுத ராசாக்கள் வேணும், ஒரு குடும்பத்துக்குச் சரித்திரம் எழுத ஒரு செத்தவீடு போதும். அதுவும் எங்கள் குடும்பத்துக்கு எழுதினது ஆர், அம்மா. பராசக்தி அக்கா, ஒருக்கால் எழுதித் தாங்கோ என்று அந்தக் காலத்தில் பிணத்தைக் குளிப்பாட்ட முந்தியே படலைக்கு ஆள் வந்துவிடும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கையைச் சீலையில் துடைத்துவிட்டு, ஒரு பேரும் விடாமல், ஒரு முறையும் பிழைக்காமல் எழுதுவாள். அவள் எழுதின கணக்கில் நான் ஒரு பிழை பிடித்ததில்லை என்று கணக்கு ரீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எண்பத்தாறு, வைகாசி, இந்தா இருக்கிறார் பெரியப்பா நடேசபிள்ளை, கழுத்துப் பட்டியோடு, செத்தபிறகும் ஆரையோ ஏசுகிற முகத்தோடு. அம்மா எழுதினதுதான், அம்மாவின் மணம் அதில் வீசுகிறது, ஏனென்றால் அடைப்புக்குறி அப்படிக் குவிந்து கிடக்கிறது. மகன் (பொறியியலாளர், சவூதி), மருமகன் (வங்கி, கொழும்பு), பெறாமக்கள் என்று தம்பியின் பிள்ளைகளைச் சொல்கிற இடத்தில் குகதாசன் (தொழில்நுட்பக் கல்லூரி), சத்தியதேவி (ஆசிரிய கலாசாலை), சுதாகரன் (மாணவன்). அம்மாவுக்கு அந்த நாளில் இருந்த பெருமையைப் பார், விட்டால் வீட்டு மாடு கன்று போட்டதையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பாள். குகதாசன். அண்ணை. விரல் அந்தப் பேரில் போய் நின்றது, எடுக்க மனம் வரவில்லை, இருபத்தொரு வயசுப் பேர், மீசை அரும்பின பேர், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு அந்தக் கையோடேயே சோத்துக் கோப்பையைத் தூக்கி அம்மாவிடம் ஏச்சு வாங்குகிற பேர். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் மண்ணெண்ணெய்க்கு வரிசை என்று போத்தலைக் கொண்டு போனான். போத்தல் வரவில்லை, சைக்கிள் வரவில்லை, அவனும் வரவில்லை. கண்டதாகவும் ஆள் இல்லை, கேட்டதாகவும் ஆள் இல்லை. அப்பா அலைந்து அலைந்து மூன்றாம் வருஷம் படுத்தார், எழும்பவில்லை.

சுதா மரத்துக்கு மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. அதே மூச்சில், அக்கா, அப்படியே அம்மாவுக்கும் ஒண்டு எழுதி வை, பிறகு அந்த நேரத்திலை அந்தரப்பட ஏலாது என்றான், தானே ஒரு மாதிரி அறிவித்தலும் எழுதிப் போனில் அனுப்பினான். உயிரோடு இருக்கிற தாய்க்கு. அவனில் பிழை சொல்லவும் முடியாது, வைத்தியர் சொன்னதை அவனும் கேட்டவன்தான். போனை எடுத்துப் பார்க்காமலே அந்த வரி அவளுக்குப் பாடம். காலஞ்சென்ற குகதாசன், சத்தியதேவி (இலங்கை), சுதாகரன் (கனடா) ஆகியோரின் பாசமிகு தாயாரும். காலஞ்சென்ற. சுதாவின் மகள் கீறுகிற மரத்திலும் குகனின் பேருக்குக் கீழே ஒரு பெட்டி வெறுமையாய் நிற்கிறதாம், அதற்குள் ஒரு வருஷம் போடவேணுமாம், அத்தை, பெரியப்பா எந்த வருஷம் என்று பிள்ளை தன் ஒடிந்த தமிழில் கேட்டது. எந்த வருஷம் என்று சொல்ல. முப்பது வருஷத்துக்கு மேலே எந்தத் தாய் இதைச் செய்யாமல் இருந்தாளோ, அந்தத் தாய் கண்ணை மூடின உடனே, அவளுடைய அறிவித்தலிலேயே, அவள் பிள்ளையை நானே கொன்றுவிட்டு நிற்கவேணுமோ. அதை விட்டால் வேறென்ன போடுவது, காணாமல் போனவர் என்று செத்தவீட்டு அறிவித்தலில் எழுத முடியுமோ, பேரையே விட்டுவிட்டால் அது அதைவிடப் பாவம். இந்த இடத்துக்கு வந்ததும் அவள் புத்தி வண்டில் சில்லு சேத்தில் புதைந்த மாதிரி நின்றுவிடும், நாலு நாளாய் இதே கதை. போட்டாலும் பிழை, விட்டாலும் பிழை. அவள் எண்பத்தாறை மூடிக் கொடுத்துவிட்டு, பிள்ளை, தொண்ணூற்று மூன்று இருக்கோ என்று கேட்டாள், நூலகத்துப் பெட்டை, ரீச்சர், மத்தியானம் பூட்டிப்போடுவம் என்று சொல்லிக்கொண்டே தூக்கி வந்து வைத்தாள்.

தொண்ணூற்று மூன்று மெலிஞ்சு போயிருந்தது. பத்திரிகைத் தாளே வராத காலம், கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், நீலக் கோட்டுக்கு மேலே கறுப்பு எழுத்தில் அப்பா செத்திருக்கிறார். குகதாசன், சத்தியதேவி, சுதாகரன் ஆகியோரின் அன்புத் தந்தையும். அவ்வளவுதான். அடைப்புக்குறி ஒன்றும் இல்லை. சுதா அப்போது கனடா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம், கடிதத்தில் குறைப்பட்டு எழுதியிருந்தான், கனடா எண்டு போடாமல் விட்டிட்டியள், இஞ்சை பெடியள் கேட்டாங்கள் என்று. அம்மா அதை வாசித்துவிட்டு, செத்தது கொப்பர், கனடா இல்லை என்று ஒரு வரியில் மறுமொழி போட்டாள். சத்தியாவுக்கு அது பிடித்திருந்தது, அம்மாவுக்கு அடக்கம் வந்துவிட்டது, பெருமை விட்டுப் போயிற்று, துக்கம் மனிசரை அப்படி ஆக்கும் என்று தானே ஒரு விளக்கமும் வைத்துக்கொண்டாள். அன்று தொடக்கம் அம்மா எழுதின எந்த அறிவித்தலிலும் அடைப்புக்குறி கிடையாது. இரண்டாயிரத்து ஒன்றில் பெரியம்மா செத்தபோது பிள்ளைகள் லண்டன், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா என்று சிதறிக்கிடந்தார்கள், ஒரு நாட்டையும் அம்மா உள்ளே விடவில்லை. சனம் சும்மா விடுமோ, பராசக்திக்கு எரிச்சல், தன்ரை வீட்டிலை சொல்லிக்கொள்ள ஒண்டும் இல்லை எண்ட எரிச்சல் என்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் முகத்துக்கு முன்னாலேயே சொன்னார்கள். அம்மா வடையைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இப்போது எண்பத்தாறும் தொண்ணூற்று மூன்றும் கண்ணுக்குள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க, சத்தியா அந்த வரியை இன்னொருக்கால் வாசித்தாள். சுதாகரனுக்குக் கனடா என்று போட்டால் சத்தியதேவிக்கு இலங்கை என்று போடவேணும். சத்தியதேவிக்குப் போட்டால் குகதாசனுக்கு என்ன போடுவது. எல்லாருக்கும் ஊர் இருக்க அவன் மட்டும் ஊர் இல்லாமல் நிற்பான், வாசிக்கிறவன் கண் அந்த இடத்தில் தட்டுப்படும். அதுக்காக, ஒரு பிள்ளையின் வெறுமை வெளியில் தெரியக்கூடாது என்பதற்காக, முழு வம்சத்தின் நாடுகளையும் பட்டங்களையும் உத்தியோகங்களையும் அந்த மனிசி பிடுங்கி எறிந்திருக்கிறாள். எரிச்சல்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு. வடையைக் கடித்துக்கொண்டு. ஐயோ அம்மா, உனக்கு எவ்வளவு மூளை என்று சத்தியாவுக்கு வாய்விட்டுச் சொல்லவேணும் போல இருந்தது, நூலகத்துப் பெட்டை பார்ப்பாள் என்று தாளைப் புரட்டினாள்.

புரட்டப் புரட்ட இன்னொன்று. அடியில் தகவல் என்று போடுகிற இடத்தில் மற்றச் சனமெல்லாம் குடும்பத்தினர் என்று போட்டுவிட்டு விடும், அம்மா மட்டும் விலாசம் போடுவாள். தகவல், இ. பராசக்தி, அரசடி ஒழுங்கை, நெல்லுக் குத்துகிற மில்லுக்குப் பின்பக்கம். ஊர் முழுக்கத் தெரிந்த வீட்டுக்கு இவளென்ன வழி சொல்கிறாள் என்று அப்போது சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் கிடந்தபோது, கூட ஒதுங்கியிருந்த, ஒருத்தருக்கும் சொந்தமில்லாத ஒரு கிழவி செத்துப்போனாள், அந்தக் கிழவிக்கும் அம்மா அறிவித்தல் கொடுத்தாள், உண்ணவே வழியில்லாத நேரத்தில் இவளுக்கு இது என்ன விசர் என்று சத்தியாவே சினந்திருக்கிறாள். தொண்ணூற்றைந்தை வாங்கிப் பார்த்தால் இந்தா அந்த அறிவித்தல், இரண்டே பக்கப் பேப்பரில் உள்ளங்கை அளவு. கிழவிக்கு ஒரு வரி. அடியில் மூன்று வரி. தகவல், இ. பராசக்தி, அரசடி ஒழுங்கையில் இருந்தவர், இப்போது கொடிகாமம் தேங்காய்ச் சந்தைக்கு வடக்கே விதானையார் வளவில், மகளும் கூட. மகளும் கூட என்று ஆருக்கு. கிழவிக்கு அழ வருகிற ஆளுக்கு மகள் எங்கே இருக்கிறாள் என்று எதுக்கு. சத்தியா அந்தப் புத்தகத்தை மூடினாள். இரண்டாயிரத்து நாலை வாங்கினாள், மாமா செத்த வருஷம், பக்கத்தைத் தேடி எடுத்து, செத்தவரை விட்டுவிட்டு நேரே அடிக்குப் போனாள். அரசடி ஒழுங்கை, நெல்லுக் குத்துகிற மில்லுக்குப் பின்பக்கம். மில் எங்கே அப்போது இருந்தது. சண்டையில் செல் விழுந்து இடிந்து, கல்லையும் சனம் அள்ளிக்கொண்டு போய், அந்த இடத்தில் மாடு கட்டியிருந்தது. இரண்டாயிரத்து நாலில் அந்த ஒழுங்கைக்குள் வருகிற எவனும் மில்லைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மில் நிற்கும்போது போன ஒருவனுக்குத்தான் அந்த விலாசம் விளங்கும். அவன் ஒருவனுக்குத்தான்.

அப்போ இதெல்லாம் செத்தவர்களுக்கு எழுதினது இல்லை. மகனே, கொப்பர் போயிட்டார். மகனே, நாங்கள் இப்ப கொடிகாமத்திலை. மகனே, திரும்பி வந்திட்டம், பழைய இடந்தான், மில்லுக்குப் பின்னாலே. எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியாத பிள்ளைக்கு, எல்லா வீட்டுக்கும் போகிற பேப்பரில் எழுதியிருக்கிறாள், செத்தவீடு கிடைக்கும்போதெல்லாம் எழுதியிருக்கிறாள், கிடைக்காதபோது சொந்தமில்லாத கிழவியையும் சொந்தமாக்கி எழுதியிருக்கிறாள், ஒரு நாளும் ஒரு சொல்லும் வெளியில் விடாமல். பக்கத்தில் படுத்துக் கிடந்த எனக்குத் தெரியவில்லையே. நான் படிப்பித்தேனாம் கணக்கு. அப்போ வாசிப்பதும்கூட, ஓம், வாசிப்பதும். சத்தியா கதிரையில் சாய்ந்தாள். அம்மா காலமை எழும்பினதும் தேத்தண்ணிக்கு முந்திப் பேப்பரின் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் விரிப்பாள், கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு சத்தியா வாசிக்கவேணும். வாசிப்பது லேசில்லை, ஒரு அறிவித்தலில் நாற்பது பேர். பிள்ளைகள் பேரோடு நிறுத்திவிட்டு அடுத்ததுக்குத் தாவுவாள், அம்மா விடமாட்டாள், மருமக்கள் பேரையும் வாசி என்பாள். முன்பின் தெரியாத சனத்தின் மருமக்கள் உனக்கு என்னத்துக்கம்மா என்று சலித்துக்கொண்டே வாசித்தால், முடிந்ததும், ம், அடுத்தது என்பாள். செத்தவீட்டுப் பைத்தியம் என்று சத்தியா லில்லி அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எண்பத்தெட்டிலோ என்னவோ, தகரக்கடை வல்லிபுரத்தின் தம்பி தமையனோடு சண்டை பிடித்துக்கொண்டு ஊரை விட்டுப்போய், எட்டு வருஷம் துப்பில்லாமல் கிடந்த ஆள், மாத்தளையில் செத்த ஒரு மனிசியின் அறிவித்தலில் மருமகனாய் வந்து நின்றான், கண்டுபிடித்தது அம்மா, வல்லிபுரம் போய் ஆளைக் கூட்டி வந்தார், ஊரெல்லாம் அதே கதை. அன்றைக்கு அம்மா அடுப்படியில் நின்று ஒரு சொல் சொன்னாள், குகனும் பக்கத்தில் நின்று தேங்காய்ச் சொட்டு மென்றுகொண்டு கேட்டான். "மனிசன் உயிரோடை இருந்தா, எங்கையாவது ஒரு செத்தவீட்டிலை அவன்ரை பேர் வந்தே தீரும்."

போன் அதிர்ந்தது. லில்லி அக்கா என்று நினைத்து, பைக்குள் கையை விட்டுத் துழாவி, கண்ணாடியைக் கீழே போட்டு, எடுத்துப் பார்த்தால் சுதா. இரவு வேலை, இடைவேளை, பின்னால் மெசின் இரைகிறது. நடைக்கு வந்து நின்று பேசினாள். பேரெல்லாம் கிடைத்ததோ என்று கேட்டான், கிடைத்தது, பூட்டன் வரைக்கும் கிடைத்தது என்றாள். அம்மா எப்படி என்று கேட்டான், சொன்னாள். பிறகு அவன் தான் எழுதி அனுப்பின அறிவித்தலைப் பற்றிக் கேட்டான், காலஞ்சென்ற என்று போட அம்மாவுக்குத் துக்கம்தான், ஆனால் இவ்வளவு காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, எனக்கும் அண்ணைதானே என்று குரல் இறங்கிப்போய்ச் சொன்னான். சத்தியா கொடிகாமத்துக் கிழவியைச் சொன்னாள். மகளும் கூட என்பதைச் சொன்னாள். இல்லாத மில்லைச் சொன்னாள். அடைப்புக்குறியை மட்டும் சொல்லவில்லை.

"அண்ணை வரப்போறதில்லை எண்டு உனக்குத் தெரியும்தானே, அக்கா."

"தெரியும்."

"பிறகு?"

"அம்மா செத்தா அண்ணைக்கு ஆர் சொல்லுறது, சுதா?"

அவன் மூக்கை உறிஞ்சுகிறது கேட்டது. ஆரோ அவனை இங்கிலீசில் கூப்பிட்டார்கள். வாறன் என்று தமிழிலேயே அவர்களுக்குச் சொல்லிவிட்டு, "அப்ப என்ரை கனடாவையும் எடுத்துவிடு" என்றான்.

பஸ்ஸில் வரும்போது மரத்தை நினைத்தாள், பிள்ளைக்கு என்ன சொல்வது, பெட்டி வெறுமையாய்க் கிடக்கட்டும், வெறுமையாய் விடுவதற்கும் ஒரு ஆள் வேணும், முப்பது வருஷம் அதை ஒருத்தி தனியாய்ச் செய்தாள் என்று சொல்லவேணும், அதுவும் குடும்பச் சரித்திரந்தான், சொன்னால் விளங்கும், விளங்காவிட்டால் வளர்ந்தபிறகு விளங்கட்டும். அம்மாவின் அறிவித்தல் மனசில் தன்பாட்டில் வந்து நின்றது, குகதாசன், சத்தியதேவி, சுதாகரன் ஆகியோரின் பாசமிகு தாயாரும், அடியில் தகவல், இ. சத்தியதேவி, அரசடி ஒழுங்கை, நெல்லுக் குத்துகிற மில்லுக்குப் பின்பக்கம். ஒரு சொல்லும் திருத்த வேண்டியிருக்கவில்லை. சந்தியில் இறங்கி மில் இருந்த வெறுங்காணியைத் தாண்டி வீட்டுக்குப் போனாள். லில்லி அக்கா, மத்தியானம் ஒண்டும் குடிக்கேல்லை, உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவ என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள், காலடிச் சத்தம் கேட்டதும் உதடு அசைந்தது, பேப்பர் இண்டைக்கு வாசிக்கேல்லையே என்றாள், அதுவும் மூச்சோடு மூச்சாய். சத்தியா முகம் கழுவவில்லை, சீலை மாற்றவில்லை, கட்டில் ஓரத்தில் இருந்து அந்தப் பக்கத்தை விரித்தாள். வேலணையில் ஆரோ ஒரு மனிசி, தொண்ணூறு வயசு, அவளுக்குத் தெரியாத ஆள். பிறப்பிடம் வாசித்தாள், வதிவிடம் வாசித்தாள், பிள்ளைகள் ஏழு பேரையும் வாசித்தாள், மூச்சு எடுத்துக்கொண்டு மருமக்களுக்கு வந்தாள், ஒவ்வொரு பேருக்கும் இடம் விட்டு, வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி, பதில் வருகிறதோ என்று பார்த்துப் பார்த்து வாசித்தாள். ஏழு பேரும் முடிந்தார்கள். அம்மாவின் கை அவள் மடியில் கிடந்தது.

"ம்," என்றாள் அம்மா. "அடுத்தது."